கை வைத்த நாற்காலி

ஜூன் 3, திங்கள்

தரகர் காளியப்பன் காலையிலேயே போன் செய்துவிட்டார். பெருந்துறைக்காரர்கள் முப்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை வருகிறார்களாம். பையன் யுகேந்திரன், அவன் அப்பா, அம்மா, பெரியப்பா, அக்கா என்று ஐந்து பேர்.

"ஜாதகம் ஒத்துப்போச்சுங்கம்மிணி. இனி வூட்டையும் மனுசரையும் பாக்கோணும், அவ்வளவுதான். புடிச்சுதுன்னா உங்கூட்லயே கை நனைச்சுப்போட்டுத் தேதி சொல்லீருவாங்க. இல்லீனா தண்ணியக் குடிச்சுப்போட்டுக் கெளம்பீருவாங்க" என்றார். எனக்கு இவர் பாடம் எடுக்கிறார்! பெண் வீட்டில் சோற்றில் கை வைத்தால் சம்மதம், வைக்காமல் எழுந்தால் இல்லை. இதுகூடத் தெரியாமலா கோயமுத்தூரில் ஐம்பத்தெட்டு வருஷம் குப்பை கொட்டியிருக்கிறேன்?

என் மகள் நித்திலாவுக்கு வேலை பூனாவில். அந்தப் பையனும் அங்கேதான் இருக்கிறான். நாலு மாதமாகப் பேசிக்கொள்கிறார்கள். பிடித்திருக்கிறதா என்று நான் கேட்கவே இல்லை. முப்பது வயசுக் கழுதை, அவன் பேரைச் சொல்லும்போது மட்டும் குரலை இறக்குகிறாள். இது அமையணும். அமைந்தே ஆகணும்.

சாயங்காலம் அவளே பேசினாள். "அம்மா, அந்தப் பிளாஸ்டிக் சேரையெல்லாம் எங்கயாச்சும் ஒளிச்சு வெச்சிரு. சாப்பாட்டு மேசைக்கு நல்லதா ஆறு வாங்கலாம்" என்று படங்களாக அனுப்பித் தள்ளினாள். மிட் செஞ்சுரி மாடர்ன் என்று பேராம். அறுபது எழுபது வருஷத்துக்கு முந்தின மோஸ்தர். கால்கள் கீழே போகப்போகக் கூம்புகின்றன. முதுகு லேசாகச் சாய்கிறது. செதுக்குவேலை, பூவேலை ஒன்றும் கிடையாது. பார்க்க லட்சணமாகத்தான் இருக்கிறது.

விருந்தாளிகளுக்கு வசதியாக இருக்கணும், அதுதான் முக்கியம். என் வீட்டுக்காரருக்கும் கொஞ்சம் இடுப்புப் பிடிப்பு இருக்கிறது. அறுபத்துநாலு வயசில் யாருக்குத்தான் இல்லை?

ஜூன் 5, புதன்

ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பெரிய கடை. உள்ளே போனதும் குளிரில் பல் கிட்டியது. படத்தில் இருந்த மாதிரியே நாற்காலிகள் வரிசையாக இருந்தன. விற்கிற பெண் "உக்காந்து பாருங்க சார்" என்றாள். இவரும் உட்கார்ந்துவிட்டார்.

உட்கார்ந்தவர் எழவில்லை. இருக்கை பள்ளமாக இருந்தது, பிடித்து எழக் கையும் இல்லை. முன்னுக்கு ஒரு தடவை சாய்ந்தார், இன்னொரு தடவை சாய்ந்தார். அந்தப் பெண் பார்த்துக்கொண்டே நின்றாள். நான் போய், "ஏனுங்க, காலரு மடிஞ்சிருக்குது பாருங்க" என்று சொல்லிச் சட்டையைச் சரிசெய்கிற மாதிரி அக்குளில் கை கொடுத்துத் தூக்கிவிட்டேன்.

"அங்கிளுக்கு உடம்பு சரியில்லைங்களா?" என்று கேட்டாள்.

"உங்க நாற்காலிதான் சரியில்ல" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ஜூன் 8, சனி

சேலம் போய் வந்தோம். பஸ்ஸில் கூட்டம். எழுத ஒன்றுமில்லை.

ஜூன் 11, செவ்வாய்

இதுவரை நாலு கடை. கைப்பைக்குள் டேப் வைத்துக்கொண்டு அலைகிறேன். இருக்கை தரையிலிருந்து பதினெட்டு அங்குலம் இருக்கணும். இந்த மோஸ்தரில் பாதிக்கு மேல் பதினாறுதான், உட்கார்ந்தால் முழங்கால் மேலே நிற்கிறது. பிரம்பு பின்னியது அழகு, ஆனால் தொய்யும். மெத்தை கெட்டியாக இருக்கணும். கை இருக்கணும், அந்தக் கை மேசைக்கு அடியில் போகிற உயரத்தில் இருக்கணும். இல்லாவிட்டால் நாற்காலி ஒரு முழம் தள்ளி நிற்கும், சாப்பிடுகிறவர் இலைக்கு எட்டிக் குனியணும். எட்டிக் குனிந்தால் கையில் இருப்பது சிந்தும். யார் கையில் இருந்தாலும் சிந்தும், பொதுவாகச் சொல்கிறேன்.

இன்னொரு விஷயம். எல்லாக் கடையிலும் ஆறில் இரண்டுக்குத்தான் கை வைக்கிறார்கள், மேசையின் தலைமாட்டுக்கு ஒன்று, கால்மாட்டுக்கு ஒன்று. அது எனக்கு ஆகாது. கை வைத்த நாற்காலியைக் கண்டால் "பெரியவர் நீங்க உக்காருங்க" என்று இவர் எழுந்து பையனின் பெரியப்பாவுக்குக் கொடுத்துவிடுவார். மரியாதை தெரிந்த மனுசர், கொடுக்காமல் இருக்க மாட்டார். அதனால் ஆறுக்கும் கை வேண்டும்.

ஜூன் 14, வெள்ளி

கிடைத்துவிட்டது! உக்கடத்தில் யூசுப் பாய் என்று ஒருவர் பழைய சாமான் கடை வைத்திருக்கிறார். ஏதோ ஒரு மில்லை மூடியபோது அங்கே விருந்தினர் விடுதியில் கிடந்த நாற்காலிகளை வாங்கிப் போட்டிருக்கிறார். அசல் தேக்கு. கூம்பின கால், சாய்ந்த முதுகு, எல்லாம் நித்திலா கேட்ட மாதிரியே. பதினேழே முக்கால் அங்குலம். இவரும் ஸ்பின்னிங் மாஸ்டராக முப்பது வருஷம் மில்லில் இருந்தவர், அந்த மரத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

இங்கேயும் இரண்டுக்குத்தான் கை. மற்ற நாலுக்கும் வைத்துத் தரணும் என்றேன்.

பாய் கண்ணாடியைக் கழற்றினார். "ஆறுக்குமாங்கக்கா? யாரும் அப்படிக் கேக்க மாட்டாங்களே. யாருக்குங்க?"

"விருந்தாளிங்களுக்கு."

"விருந்தாளி ஒரு மணி நேரம் உக்காருவாங்க, போயிருவாங்க. வூட்ல இருக்கறவுங்கதான தெனமும் உக்காரோணும்?" என்று சொல்லிவிட்டு இவரைப் பார்த்தார். பிறகு இவருடைய வலது கையைப் பார்த்தார். "எங்கத்தாவுக்கும் கடைசி காலத்துல…"

"கை வெச்சுத் தர முடியுமா முடியாதா?"

ஆசாரியை வைத்துச் செய்து தருகிறேன் என்றார். அவர் அப்பா கதையெல்லாம் யார் கேட்டது?

ஜூன் 18, செவ்வாய்

என் சித்தி மகள் விஜயரத்தினத்தின் பெண்ணுக்கு இப்படித்தான் எல்லாம் கூடி வந்தது. தாய்மாமனுக்கு மூளைக்கோளாறு என்று யாரோ போய்ச் சொல்லிவைத்தார்கள். நிச்சயத்துக்கு முந்தின நாள் நின்றுபோனது. அந்தப் பெண்ணுக்கு இப்போது முப்பத்தெட்டு.

ஜூன் 21, வெள்ளி

நாற்காலிகள் வந்து இறங்கின. கூடமே வேறு வீடாகத் தெரிகிறது. நான் ஒவ்வொன்றிலும் மாறி மாறி உட்கார்ந்து பார்த்தேன். முதுகுக்கு ஒத்தாசையாக, முழங்கைக்கு இதமாக, எழுந்திருக்க வாட்டமாக இருந்தது. பாய் கெட்டிக்காரர்தான்.

பதினொரு மணிக்கு அடுப்பில் பால் இருந்தது, உள்ளே போனேன். தொப்பென்று சத்தம் கேட்டது. ஓடி வந்தால் இவர் தரையில் கிடக்கிறார். கையை ஊன்றி எழும்போது வழவழத் தரையில் நாற்காலி பின்னால் வழுக்கிக்கொண்டு போய்விட்டது.

ஒன்றும் ஆகவில்லை. முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. தூக்கி உட்கார வைத்தேன்.

"கமலா, சொல்லிரலாமே" என்றார்.

"எத?"

"எதன்னு உனக்குத் தெரியாதா? நாளைக்குச் சம்மந்தம் ஆனப்பறம் தெரிஞ்சா பாப்பாவத்தான கேப்பாங்க?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "உங்களுக்கென்னங்க, சொல்லிப்போட்டு நல்லவரு ஆயிருவீங்க. அவ வாழ்க்க போகும். கை நனைக்கட்டும், நிச்சயம் ஆகட்டும், அப்பறம் பாத்துக்கலாம். அதுவரைக்கும் இடுப்புப் புடிப்பு. புரிஞ்சுதுங்களா?" என்று கத்திவிட்டேன். பக்கத்து வீட்டுக்குக்கூடக் கேட்டிருக்கும். அவர் சிராய்ப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் நான் சொன்னதில் தப்பில்லை.

மத்தியானம் போய் ரப்பர் குமிழ் வாங்கி வந்து இருபத்துநாலு காலுக்கும் மாட்டினேன். இனி வழுக்காது.

ஜூன் 26, புதன்

ஒத்திகை மாதிரி இன்று அதே நேரத்துக்கு இலை போட்டுச் சாப்பிட்டோம். மாத்திரை போட்டு அரை மணி நேரத்தில் நன்றாக இருக்கிறார். மூன்று மணி நேரம் தாங்குகிறது. அவர்கள் பத்தரைக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டுக்கு யமகண்டம் பிறந்துவிடும், அதற்கு முன்னால் பேசி முடித்துக் கை நனைத்துவிடணும். பத்து மணிக்கு மாத்திரை கொடுத்தால் ஒரு மணி வரைக்கும் கவலையில்லை.

வாசலுக்குப் போய்க் கும்பிட்டு அழைத்து வரணும், அது பதினான்கு எட்டு. பெண்ணைப் பெற்றவர் நின்று கவனிப்பதுதான் முறை. ஆனால் காளியப்பனிடம் சொல்லி வைத்துவிட்டேன், "நீங்களும் கூட உக்காருங்க" என்று அவர் ஆரம்பித்து வைப்பார்.

ஜூன் 28, வெள்ளி

நித்திலா வந்துவிட்டாள். நாற்காலிகளைப் பார்த்துக் குழந்தை மாதிரிக் குதித்தாள். "அம்மா! எங்க புடிச்சே இத? ஆறுக்கும் கை! யாருக்குமே இந்த ஐடியா வராது" என்று என்னைக் கட்டிக்கொண்டாள்.

பிறகு மெதுவாகக் கேட்டாள். "அப்பா ஏன் சிரிக்கவே மாட்டீங்கறாரு? எம்மேல ஏதாச்சும் கோபமா?"

"அவரு மூஞ்சியே அப்படித்தான்."

"முன்னால அப்படி இல்லியேம்மா."

"வயசாச்சு கண்ணு. போய்க் குளி" என்றேன்.

ஜூன் 30, ஞாயிறு

மணி ஆறாகிறது. கை ஓடவில்லை. ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

பத்து மணிக்கு மாத்திரை கொடுத்தேன். வெள்ளை வேட்டி சட்டையில் இவர் மாப்பிள்ளை மாதிரி இருந்தார். பத்தரை ஆனது, பதினொன்று ஆனது. அவிநாசியில் ஏதோ லாரி கவிழ்ந்து வண்டி நகரவில்லை என்று காளியப்பன் போன் செய்தார். அவர்கள் வாசலில் இறங்கும்போது பன்னிரண்டே கால்.

வாசல் வரை போனார், கும்பிட்டார், அழைத்து வந்தார். எல்லாம் சரியாகச் செய்தார். பையன் நல்ல நிறம், அடக்கம். அப்பா சென்னியப்பன் குரல் பெரிசு. அம்மா கோகிலவாணி அதிகம் பேசவில்லை, எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். நித்திலாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கொண்டை ஊசியைச் சரிசெய்துவிட்டார். எனக்கு உயிர் வந்தது.

"எலையப் போடலாமுங்களா?" என்று கேட்டேன்.

பெரியப்பா கையைக் காட்டி நிறுத்தினார். "யமகண்டமுங்க. ஒன்னரை ஆகட்டும். நல்ல காரியம் பேசறோம், அவசரமென்ன?"

ஒன்றரை! நான் அடுப்படிக்குப் போய் அடுத்த மாத்திரையை எடுத்து வைத்தேன். ஒரு மணிக்கு மாத்திரையை உள்ளங்கையில் வைத்துத் தண்ணீரோடு இவரிடம் கொண்டுபோனேன். அவர்கள் நாற்காலிகளைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். "இவ்வளவு சௌகரியமா எங்கயும் உக்காந்ததில்லீங்க" என்றார் சென்னியப்பன். நான் டம்ளரை நீட்டினேன். இவர் தண்ணீரை மட்டும் வாங்கிக் குடித்தார். மாத்திரை இருந்த கையைப் பார்த்துத் தலையை ஆட்டினார். வேண்டாமாம். அத்தனை பேர் முன்னால் நான் என்ன செய்வேன்?

ஒன்றரை அடித்தது. காளியப்பன் சொல்லிவைத்தபடி இவரையும் உட்காரச் சொன்னார். அவர்கள் ஐந்து பேரும் இவரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். கோகிலவாணி என்னைப் பார்த்து, "எலையப் போடுங்கக்கா, பசிக்குது" என்று சிரித்தார். போட்டேன். பருப்பு, பொரியல், அப்பளம், பாயசம் எல்லாம் வைத்தேன். நித்திலா நெய்க் கிண்ணத்தோடு வந்தாள்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. டக் டக் டக் டக். இவருடைய மோதிரம் நாற்காலியின் கைமேல் பட்டுக்கொண்டிருந்தது. உயரம் பார்த்தேன், மெத்தை பார்த்தேன், வழுக்குமா என்று பார்த்தேன். மரக்கையில் மோதிரம் பட்டால் கேட்கும் என்று நான் நினைக்கவே இல்லை.

"யாரு போனுங்க அடிக்குது?" என்றார் சென்னியப்பன். யுகேந்திரன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தான். அவன் அக்கா பையைத் திறந்தாள்.

"பக்கத்து வூட்ல ஆசாரி வேலைங்க" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

இவர் வலது கையைத் தூக்கி எல்லாரும் பார்க்கும்படி இலைக்குப் பக்கத்தில் மேசைமேல் வைத்தார். டம்ளரில் தண்ணீர் ஆடியது. "பக்கத்து வூட்ல ஒண்ணுமில்லீங்க. என்ற கைதானுங்க" என்றார்.

"நீங்க கை நனைச்சுட்டா அப்பறம் பேச்சு மாற மாட்டீங்க, அது எனக்குத் தெரியுமுங்க. அதனால முன்னாடியே சொல்லிப்போடறேன்" என்று ஆரம்பித்து, அந்த வியாதியின் பேரைச் சொன்னார். ஒன்றரை வருஷமாக ஊருக்குத் தெரியாமல் சேலத்தில் வைத்தியம் பார்ப்பதையும் சொன்னார். "இது நாளுக்கு நாள் கூடத்தான் செய்யுமுங்க. கொறையாது. எங்க பாப்பாளுக்கே இது தெரியாதுங்க."

நித்திலா நெய்க் கிண்ணத்தோடு அப்படியே நின்றாள். என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் எழுத மாட்டேன்.

கோகிலவாணிதான் கேட்டார். "பரம்பரையா வருமுங்களாண்ணா?"

"பெரும்பாலும் வராதுன்னு டாக்டர் சொல்றாருங்க. வரவே வராதுன்னு சத்தியம் பண்ண என்னால முடியாதுங்க."

பெரியப்பா முதலில் எழுந்தார். இரண்டு கைப்பிடியிலும் கையை ஊன்றி, துளிச் சிரமமில்லாமல் சுளுவாக எழுந்தார். நான் தேடித் தேடி வாங்கிய நாற்காலி எழுந்து போவதற்கு அவ்வளவு வாட்டமாக இருந்தது. "கலந்து பேசிட்டுச் சொல்றோமுங்க" என்றார். ஒவ்வொருவராக எழுந்தார்கள். பையன் மட்டும் கடைசி வரைக்கும் உட்கார்ந்திருந்தான். அவன் அப்பா பேர் சொல்லிக் கூப்பிட்டதும் அவனும் போனான்.

ஆறு இலை. ஒரு பருக்கைகூடக் கலையவில்லை.

ஜூலை 1, திங்கள்

நித்திலா மத்தியான விமானத்துக்குப் போய்விட்டாள். போவதற்கு முன்னால் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். என்னிடம் வாசலில் வைத்துத்தான் பேசினாள்.

"அவுங்கள ஏமாத்தினே, சரி. என்னையும் எதுக்கும்மா ஏமாத்தினே? நானும் விருந்தாளியா உனக்கு?"

"உன்ற நல்லதுக்குத்தான் கண்ணு."

"ஒன்றரை வருசம் அப்பா ஒத்தையில கெடந்திருக்கறாரு. நான் வாராவாரம் போன் பண்ணி, என்னப்பா பேசவே மாட்டீங்கறீங்கன்னு சண்ட போட்டிருக்கறேன்" என்று சொல்லி அழுதாள். நான் தொடப்போனேன். விலகிக்கொண்டாள்.

இந்த நோட்டிலாவது எழுதுகிறேன். பார்க்கின்சன். என் வீட்டுக்காரர் திருமலைசாமிக்குப் பார்க்கின்சன் நோய். இடுப்புப் பிடிப்பு இல்லை. முன்பக்கங்களையெல்லாம் புரட்டிப் பார்த்தேன், ஒரு இடத்திலாவது எழுதியிருக்கிறேனா என்று. இல்லை. யாரும் படிக்காத நோட்டில்கூட நான் பொய்தான் எழுதியிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

ஜூலை 2, செவ்வாய்

போன் இல்லை.

ஜூலை 3, புதன்

காளியப்பன் பேசினார். பெரியப்பா வேண்டாம் என்கிறாராம். "அய்யன் கொஞ்சம் வாயை மூடிட்டு இருந்திருக்கலாமுங்க" என்றார். போன வாரம் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். இன்று கேட்கப் பிடிக்கவில்லை, வைத்துவிட்டேன்.

ஜூலை 4, வியாழன்

பன்னிரண்டரை இருக்கும். இவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். விரலில் பிசைய முடியாததால் அரிசிம்பருப்புச் சோற்றைக் கரண்டியில்தான் சாப்பிடுகிறார். இலையும் இல்லை, பாயசமும் இல்லை. நான் நைட்டியில் இருந்தேன். வாசலில் மணி அடித்தது. திறந்தால் கோகிலவாணி. தனியாக பஸ்ஸில் வந்திருக்கிறார்.

"உள்ள வரலாமுங்களாக்கா?"

நேராக வந்து இவருக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். இவர் எழப் பார்த்தார். "நீங்க சாப்புடுங்கண்ணா" என்றார். கரண்டி வாய்க்குப் போகிற வழியில் கொஞ்சம் சிந்தியது. அந்தம்மா முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

"எங்கூட்ல மூணு நாளாப் பேச்சே இல்லீங்க. பெரியவரு வேண்டாம்ங்கறாரு. என்ற வூட்டுக்காரரு அவரு சொல்லத் தட்ட மாட்டாரு. யுகேந்திரன் வேற பொண்ணே பாக்காதீங்கன்னுட்டான். நான் என்ன முடிவு பண்றதுன்னு தெரியல. உங்ககிட்ட ஒண்ணு கேக்கத்தான் வந்தேன்." என்னை நேராகப் பார்த்தார். "அண்ணன் சொல்லலீன்னா, நீங்க சொல்லியிருப்பீங்களாக்கா?"

நல்ல பதில்கள் எத்தனையோ வாய்க்கு வந்தன. நிச்சயத்துக்கு முன்னால் சொல்லியிருப்பேன், தக்க நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன், பெற்ற மனசு பாருங்க. இப்படி எதையாவது சொன்னால் என் பெண்ணுக்கு இந்த இடம் அமைந்துவிடும் என்று தோன்றியது. இவர் கரண்டியைத் தட்டில் வைத்துவிட்டார்.

"மாட்டேனுங்க" என்றேன்.

"கல்யாணத்துக்கப்பறம்?"

"அப்பவும் மாட்டேனுங்க. நீங்களாக் கண்டுபுடிக்கற வரைக்கும் இடுப்புப் புடிப்புன்னேதான் சொல்லியிருப்பேன்."

எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன்.

அந்தம்மா, "பொய் சொல்லுவீங்கன்னு நெனச்சுத்தானுங்க பஸ் ஏறினேன். சொல்லியிருந்தா அப்படியே திரும்பிப் போயிருப்பேன்" என்றார். எழுந்துபோய்க் குழாயில் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். "ஆனா ஒண்ணு. உங்கள நம்பி இல்லீங்க, அண்ணன நம்பித்தான் என்ற பையனக் குடுக்கறேன். பெரியவர நான் பாத்துக்கறேன். ஒரு தட்டுப் போடுங்க."

சுருக்கென்று தைத்தது. தைக்கட்டும். தட்டை வைத்துச் சோறு போட்டு நெய் ஊற்றினேன். கையால் பிசைந்து சாப்பிட்டார். இரண்டாவது தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அவர் போன பிறகு இவரைத்தான் நித்திலாவுக்குப் போன் செய்யச் சொன்னேன். பக்கத்தில் நின்று, அந்தம்மா கேட்டதையும் நான் மாட்டேன் என்று சொன்னதையும் ஒன்றுவிடாமல் சொல்லச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அம்மாகிட்டக் குடுங்கப்பா" என்றாளாம். வாங்கிக் காதில் வைத்தேன். "அப்பாவுக்குப் பார்க்கின்சன் கண்ணு" என்று முதல் தடவையாக வாயால் சொன்னேன்.